ஆடு முட்டிய பிள்ளை

யுத்தம் தொடங்கிய பிறகு பூந்தமல்லிக் கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உனக்கு ஜெர்மன்காரன் பாஷை தெரியுமாமே?" திருட்டு நகையைக் காதில் போட்டுக்கொண்டு திரிகிறவளைக் கேட்பது போல இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். போன வருஷம் வரைக்கும் இதே ஆட்கள்தான், "பம்பு தொரை ஊட்டுல வேலையாமே, எங்க பையனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையி" என்று பல்லைக் காட்டினவர்கள்.

பம்பு துரை என்பது எங்கள் பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர். கிணறுகளில் எண்ணெய் எஞ்சின் பூட்டிக் கொடுக்க ஜெர்மனியிலிருந்து வந்தவர். நசரத்பேட்டை போகிற சாலையில் ஒரு பழைய பங்களாவில் மனைவியோடும் குழந்தையோடும் இருந்தார். நான் காட்டுப்பாக்கத்தில், வயல் கூலிக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து மிஷன் விடுதியில் படித்தவள். விடுதியை நடத்திய அம்மாள் ஜெர்மன்காரி. அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடியே அவள் பாஷை என் காதில் ஏறிவிட்டது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏறியது. இந்த இரண்டையும் வைத்துத்தான் துரை வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது.

யுத்தம் என்ற சேதி வந்த கொஞ்ச நாளிலேயே போலீஸ் வண்டி வந்து துரையை அழைத்துப் போயிற்று. எதிரி நாட்டுக்காரர், காவலில் இருக்க வேண்டும் என்றார்கள். மரியாதையாகத்தான் அழைத்துப் போனார்கள். பையன் கேட்டருகே நின்று அப்பாவுக்குக் கையாட்டினான். வண்டி வெளியே போனதும் ஒரு கான்ஸ்டபிள் கேட்டை இழுத்துச் சாத்தினார். துரைசாணி பங்களாவை விட்டு வெளியே போகக் கூடாது, கேட் எந்நேரமும் சாத்தியிருக்க வேண்டும் என்று உத்தரவு.

பையனுக்கு அப்போது இரண்டரை வயது. முன்னாலும் அவன் ஒன்றும் சாது இல்லை. சட்டை போட்டால் கழற்று என்பான், கழற்றினால் போடு என்பான். எதைக் கேட்டாலும் முதல் பதில் 'நைன்' தான்; அவர்கள் பாஷையில் 'மாட்டேன், இல்லை'. அப்பா போன பிறகு இந்தக் கேட் விவகாரம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. யாராவது கேட்டைச் சாத்தினால் போதும், மண்ணில் மல்லாந்து விழுவான். முதுகை வளைத்து விறைப்பான். ஒரு கத்துக் கத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொள்வான். உதடு நீலம் பாயும். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கப் பார்ப்போம்.

துரைசாணி மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லையென்றால் தானே எழுந்துவிடுவான் என்பது அவர்கள் ஊர்த் தாய்மார்களின் கணக்கு. அப்படித்தான் எழுந்தும் வருவான். கல்நெஞ்சக்காரி என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது முன்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண் நிறைய நீரோடு நின்றுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவளைப் பற்றி நான் தப்பாக நினைக்கவில்லை.

அந்த அடத்துக்கு அவளிடம் எத்தனை பேச்சு இருந்தது! 'ட்ரோட்ஸ்' என்பாள்; அது நம் வீம்பு. 'டிக்கோப்ஃ' என்பாள், தடித்த தலைக்காரன் என்று அர்த்தம். பின்னங்காலில் எழுந்து நிற்கிறான், தலையால் சுவரைத் துளைத்துக்கொண்டு போகப் பார்க்கிறான், தன்னை விட்டு வெளியே போய்விட்டான் என்றெல்லாம் சொல்லுவாள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, 'கிடா அவனை முட்டுகிறது' என்பது. நானும் சும்மா விடமாட்டேன். அடம், முரண்டு, சண்டித்தனம் என்று நம்முடையதை ஒவ்வொன்றாக எடுத்து விடுவேன். பையன் கீழே கிடந்து உதைத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் சொல்லுக்குச் சொல் ஜோடி சேர்த்துச் சிரித்த நாட்களும் உண்டு. துரை போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

எங்களோடு இன்னொருத்தியும் இருந்தாள். நூம்பலிலிருந்து வந்து தண்ணீர் இறைத்து ஊற்றி, வீடு கூட்டுகிற அக்கா. பையனுக்கு அவள் என்றால் உயிர். அவள் கொண்டுவருகிற கேழ்வரகுக் கூழை அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டு, மேஜைமேல் இருக்கும் ரொட்டிக்கு 'மாட்டேன் போ' என்பான். அவள் மட்டும் அவனைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. "கருவாயன், கோட்டான் மூஞ்சி, வா இங்க" என்றுதான் கொஞ்சுவாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் கொஞ்சுவது அப்படித்தான். நல்லது சொன்னால் கண் பட்டுவிடும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் உத்தரவு வந்தது. எதிரி நாட்டுக் குடும்பங்களை எல்லாம் ரயிலில் ஏற்றி வடக்கே ஒரு முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள். பையனுக்கு வலிப்பு வருகிறது என்று கேட் காவலில் இருந்த கான்ஸ்டபிள் மேலே சொல்லியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, பார்த்ததைச் சொன்னார். வலிப்பு உள்ள பிள்ளையை அவ்வளவு தூரம் ரயிலில் அனுப்ப முடியாது, பட்டணத்து ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு தாயை மட்டும் அனுப்புவார்கள் என்று பேச்சு. அதைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தாள். கூடவே குறிப்பு எழுத ஒரு குமாஸ்தா. துரைசாணிக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தைகூடச் சரியாக வராது. அதுவரை வெளியாரிடம் பேசியதெல்லாம் துரைதான். இப்போது நடுவில் நான் நின்றேன்.

விடுதி அம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: இன்னொருவர் வாயாக நிற்கும்போது கூட்டாதே, குறைக்காதே. அதோடு குமாஸ்தா வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி நாட்டுக்காரிக்காக நான் பேச்சை மாற்றினேன் என்று ஒரு வரி எழுதினால் என் கதி என்ன? 

"பிள்ளைக்கு வலிப்பு வருகிறதா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"வலிப்பெல்லாம் இல்லை, கிடா முட்டுகிறது, அவ்வளவுதான்" என்றாள் துரைசாணி. நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "வீட்டில் ஆடு வளர்க்கிறீர்களா?"

ஆடு இல்லை என்றேன். குமாஸ்தா எழுதினதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். துரைசாணிக்குப் பதற்றம் வந்துவிட்டது. பதற்றம் வந்தால் இன்னும் நிறையப் பேசுகிற சுபாவம் அவளுக்கு. அவன் தலையால் சுவரைத் துளைக்கப் பார்க்கிறான், தன்னை விட்டு வெளியே போய்விடுகிறான், இந்த வயதில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல டாக்டரம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. நிறுத்தவும் தெரியவில்லை, மாற்றவும் துணிச்சல் இல்லை.

"எந்தச் சுவரில் இடித்துக்கொள்கிறான்?" என்று கேட்டு, எழுந்து போய் அவன் தலையைத் தடவிப் பார்த்தாள். "நினைவு தப்புவது எவ்வளவு நேரம்?"

அப்புறம் அவள் செய்ததுதான் பெரிய வினை. தாய் மறைப்பாள், வேலைக்காரி மறைக்க மாட்டாள் என்று எண்ணி, வாசலில் குடத்தோடு நின்ற அக்காவைக் கூப்பிட்டாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்கச் சொன்னாள்.

அக்கா பையனை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாத்த துண்றான் பாவம்! ஒரு வா சோறு உள்ள போவாது. தூக்கமும் கெடையாது. எலும்பும் தோலுமாக் கீறான், பாக்கவே சகிக்கல" என்றாள். அவன் கன்னம் உப்பிய உப்பில் கண்ணே சின்னதாகத் தெரியும். அந்நிய ஆள் முன்னால் அவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள். எனக்கு அது தெரியும். ஆனால் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

டாக்டரம்மா பெட்டியை மூடினாள். ரயிலுக்கு முன்னால் ஒருமுறை வந்து பார்ப்பதாகவும், இன்றைக்குத் தெரிந்தவரையில் பிள்ளை ஆஸ்பத்திரிக்குத்தான் என்றும் சொன்னாள். அதையும் நான்தான் துரைசாணிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. பையனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாட்களில் நாங்கள் இருவரும் இங்கிலீஷ் வார்த்தை தேடினோம். வெள்ளைக்காரத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை இப்படிச் செய்தால் என்னதான் சொல்லுவார்கள்? நான் எந்த வெள்ளைக்காரி வீட்டுப் பிள்ளையைக் கண்டேன்! எனக்குத் தெரிந்தது பாடப் புத்தகத்து இங்கிலீஷ். கீழ்ப்படியாமை, கலகம், எதிர்த்து நிற்பது என்று பெரிய பெரிய சொற்கள். யுத்த காலத்தில், சர்க்கார் டாக்டரிடம் போய், எதிரி நாட்டுப் பிள்ளை கலகம் செய்கிறான் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு சொல்லாக எடுத்து, பயந்து, கீழே வைத்தேன். கடைசியில் ஆடும் வேண்டாம், சுவரும் வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்று தீர்மானித்துக்கொண்டோம். அதைச் சொன்னால்தான் நம்புவார்களா என்பது இருவருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கிணற்றடியில் குந்தியிருந்தாள். கயிற்றை விட்டுவிட்டாள், வாளி உள்ளே போய் விழுந்தது.

"அய்யய்யோ, எம்பேச்சாலயா? கண்ணு படாம இருக்கணுமேன்னு தானே சொன்னேன்!"

"தெரியும்க்கா. மறுபடி அந்தம்மா வரும். அப்ப நீ இருக்கிறதை இருக்கிறபடி சொல்லு. நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான்னு உன் வாயால சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். "எம் வாயால சொல்ல மாட்டேன் தங்கச்சி. எம்பொண்ண ஒரு தபா சொன்னேன். பூந்தமல்லி சந்தையில ஒருத்தி, 'ஊட்ல எல்லாரும் சொகமா'ன்னு கேட்டா. எம்பொண்ணுக்கு இன்னா கொறச்சல், ராணி கணக்கா கீறான்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வெள்ளிக்கு அவளுக்கு அம்மை போட்டுச்சி. அத்தோட போச்சி. அதுக்கப்பால எந்தப் புள்ளயையும் நான் நல்லாக்கீதுன்னு சொன்னதில்ல."

 இருவரும் பாதாளக் கரண்டி போட்டு வாளியை எடுத்தோம். 

சொன்னபடி ரயிலுக்கு முன்னால் டாக்டரம்மா குமாஸ்தாவோடு மறுபடி வந்தாள். மோட்டார் உள்ளே வந்தது. கான்ஸ்டபிள் கேட்டைச் சாத்தினார். அவ்வளவுதான், பையன் படியை விட்டு இறங்கி ஓடி, டாக்டரம்மாவின் காலடியிலேயே மல்லாந்து விழுந்தான். ஒரு கத்து. அப்புறம் சத்தமே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. துரைசாணி என்னைப் பார்த்தாள். எப்போதும் போல முதுகைத் திருப்பிக்கொண்டு தாழ்வாரத்தின் மறுகோடிக்கு நடந்தாள். அந்த நேரத்தில் அப்படி நடக்க அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"தாய் இப்படிப் போகிறாளே!" என்று டாக்டரம்மா குனிந்தாள். நான் குறுக்கே பேசிவிட்டேன். "கொஞ்சம் பொறுங்கள். அவன் அப்பா இந்தக் கேட் வழியாகப் போனார். அதிலிருந்து இதைச் சாத்த விடமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான்." துரைசாணி சொல்லாததை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. குமாஸ்தா எழுதினாரா என்றுகூடப் பார்க்கவில்லை.

பையன் ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விட்டான். பிறகு ஒரே ஒரு கண்ணை மெல்லத் திறந்து, அம்மா எங்கே நிற்கிறாள், பார்க்கிறாளா என்று நோட்டம் விட்டான். பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி விறைத்தான்.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. "இது சரி. ஆனால் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாளே. அப்படிப்பட்ட பிள்ளையை எப்படி அனுப்ப? அவளைக் கூப்பிடு."

அக்கா வந்து நின்றாள். கேள்வியைச் சொன்னேன்.  கீழே கிடந்த பையனைப் பார்த்தாள், தாழ்வாரக் கோடியில் சுவரைப் பார்த்து நின்ற தாயின் முதுகைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். 

"நல்லாக் கீறான்" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சத்தமாக, யாரோடோ சண்டைக்குப் போகிறவள் போலச் சொன்னாள்: "நல்லாக் கீறான்மா! ரெண்டாளு கூழு ஒருத்தனே குடிக்கிறான். படுத்தான்னா காக்கா கத்துற வரிக்கும் ஏந்திரிக்க மாட்டான். ஒரு நோவு நொடி கெடையாது. ராசா கணக்கா கீறான். இவன மாதிரி ஒரு புள்ள இந்தப் பூந்தமல்லிலயே கெடையாது!"

சொல்லி முடித்ததும் பையன் பக்கம் இரண்டு கையையும் வீசி எடுத்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். சொடக்கு விழுந்தால்தான் கண் கழியும்; ஒரு விரலில்கூட விழவில்லை. மறுபடி மறுபடி வைத்து முறித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் என் வாழ்நாளில் வேறு யார் முகத்திலும் கண்டதில்லை.

நான் இங்கிலீஷில் சொன்னேன், கூட்டாமல், குறைக்காமல். பிறகு, எங்கள் பக்கத்தில் அந்நியரிடம் பிள்ளையை நன்றாக இருக்கிறான் என்று சொல்லவே மாட்டார்கள் என்பதையும், முன்பு அவள் சொன்னது அதனால்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் இன்று ஏன் சொன்னாள்?"

"நீங்கள் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிடுவீர்கள் என்று."

டாக்டரம்மா அக்காவின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் இன்னும் பொட்டிலேயே இருந்தன. பிறகு குமாஸ்தாவிடம் ஒரே ஒரு சொல்லை எழுதச் சொன்னாள். "டெம்பர்." நாங்கள் அத்தனை நாள் தேடியது அந்தச் சின்னச் சொல்தான். கிடா, சுவர், தடித்த தலை எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. தாயோடு பயணம் போகலாம் என்று கையெழுத்துப் போட்டாள். துரைசாணி ஓடி வந்து பையனை வாரி எடுத்து, அவன் உதைக்க உதைக்க, அழுதாள். முள்வேலிக்குள் போக அனுமதி கிடைத்ததற்கு நாங்கள் அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

அவர்கள் போன நாள் எனக்கு வேறு பயம். லாரியைப் பார்த்ததும் இவன் விழுந்து மூச்சை அடக்கி, எழுதின காகிதத்தை மாற்றிவிடுவார்களோ என்று. ஒன்றும் நடக்கவில்லை. போட்டுவிட்ட சட்டையைக் கழற்றவில்லை. ஏறு என்றார்கள், ஏறினான். அக்கா கொடுத்த கூழைக் குடித்தான். போதுமா என்றதற்குத் தலையாட்டினான். லாரி வெளியே போனது. கான்ஸ்டபிள் கேட்டைச் சாத்தினார். லாரியின் பின்பக்கத்திலிருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டே போனான். நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவன் கத்தவில்லை.

"ஏன் கத்தல?" என்றாள் அக்கா. "ஏன் தங்கச்சி கத்தல அவன்? கண்ணு பட்டுச்சி. எங்கண்ணு தான். நான் சொன்ன சொல்லு தான்."

இல்லை அக்கா, பிள்ளைக்கு அம்மா கூட இருக்கிறாள், வண்டி புதுசு, அதனால்தான் என்று ஏதேதோ சொன்னேன். அவள் காதில் விழவில்லை. லாரியில் ஏறுமுன் அவன் நின்ற இடத்து மண்ணைக் கிள்ளி எடுத்தாள். சமையலறையில் மிச்சமிருந்த காய்ந்த மிளகாயையும் உப்பையும் அதோடு சேர்த்து, லாரி போன திசையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். அடுப்பில் இருந்த நெருப்பில் போட்டாள். பட்ட கண் கழிந்துபோனால் மிளகாய் கருகினாலும் நெடி அடிக்காது. நெடி அடித்தால் கண் இன்னும் பிள்ளை மேலேயே இருக்கிறது என்று அர்த்தம். அவள் அப்படித்தான் நம்பினாள்.

மிளகாய் வெடித்துக் கருகியது. எங்கள் இருவருக்கும் கண்ணில் நீர் கொட்டியது. எனக்குத் தொண்டை பற்றி எரிந்தது. இருமலைப் பல்லைக் கடித்து உள்ளேயே அடக்கிக்கொண்டேன்.

"நெடி அடிக்குதா தங்கச்சி?" என்று கேட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"இல்லக்கா, அடிக்கல" என்றேன்.